வாங்குவதா, கோப்பதா, வளர்ப்பதா? திருகோணமலையில் ஒரு பெப்டைட்டு ஆய்வைத் தொடங்க எந்த வழி

மருந்துக்கு மசியாத பற்றீரியாக்களுக்கு எதிரான பெப்டைட்டுகளை, அதாவது அமினோ அமிலங்கள் கோத்த குட்டைச் சங்கிலிகளை, திருகோணமலையில் இருந்துகொண்டே ஆராய வேண்டும் என்று ஒரு சிறு குழு முடிவெடுத்திருக்கிறது. இரசாயனம் கற்பிக்கும் நானும் அதில் ஒருவன். மற்றவர்களில் நுண்ணுயிரியல் தெரிந்தவர்கள், சித்த மருத்துவம் படித்தவர்கள், இறுதியாண்டு மாணவர்கள் இருக்கிறார்கள். கூடிப் பேசும் போதெல்லாம் விவாதம் வந்து நிற்பது ஒரே இடத்தில்தான்: ஆய்வுக்கு வேண்டிய பெப்டைட்டை எப்படிப் பெறுவது?

வழிகள் நான்கு. அமினோ அமில வரிசையைச் சொல்லி, வெளிநாட்டு நிறுவனமொன்றிடம் செய்வித்து வாங்கலாம். அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நாமே செய்யலாம். ஈ.கோலை பற்றீரியாவுக்குள் மரபணுவைப் புகுத்தி, அதைக்கொண்டே உற்பத்தி செய்விக்கலாம். அல்லது தயிரிலும் செடியிலும் இயற்கையாக இருப்பதைப் பிரித்தெடுக்கலாம்.

என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதலில் வாங்க வேண்டும். அந்தப் பெப்டைட்டுகளை வைத்துப் பரிசோதனை முறையைச் செம்மைப்படுத்த வேண்டும். அது கைவந்த பிறகு நாமே கோக்கத் தொடங்க வேண்டும். மரபணு வழியை இப்போதைக்கு விட்டுவிட வேண்டும். இயற்கை வழி நல்லது, ஆனால் அது வேறொரு கேள்விக்கான விடை. இந்த வரிசையில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது: நம்மிடம் குறைவாக இருப்பது பெப்டைட்டு அல்ல, நம்பத்தக்க பரிசோதனை.

2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மருந்தெதிர்ப்புப் பற்றீரியாக்களால் நேரடியாக உயிரிழந்தார்கள் என்று 2022இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2024இல் புதுப்பித்த முன்னுரிமைப் பட்டியலில், காபாபெனெம் எனும் வலிமையான மருந்துகளுக்கும் அடங்காத அசினெற்றோபக்டர் பௌமன்னி என்ற பற்றீரியா மிக உயர்ந்த அபாயப் பிரிவில் இருக்கிறது. நீரிழிவால் காலில் புண் வந்து, எந்த மருந்துக்கும் ஆறாமல், கடைசியில் விரலையோ காலையோ இழந்தவர்களை நம் ஊரில் தெரியாதவர்கள் யார்? அந்தப் புண்ணில் தடவக்கூடிய ஒரு மருந்தின் தொடக்கப் புள்ளியையாவது இங்கிருந்து தர முடியுமா என்பதே எங்கள் குழுவின் ஆசை.

பெப்டைட்டுகள் மேல் இவ்வளவு நம்பிக்கை எப்படி வந்தது? 1981இல் சுவீடனின் ஹான்ஸ் போமன் குழு, செக்ரோப்பியா என்ற விட்டிற்பூச்சியின் கூட்டுப்புழுவில் செக்ரோப்பின்களைக் கண்டறிந்தது. 1987இல் அமெரிக்காவின் மைக்கேல் சஸ்லாஃப் ஆபிரிக்க நகத் தவளையின் தோலில் மகைனினைக் கண்டார். அறுவைக்குப் பிறகு அழுக்குத் தண்ணீர்த் தொட்டியில் விடப்பட்ட தவளைகளின் காயம் சீழ் பிடிக்காமல் ஆறியதுதான் அவரைத் தேட வைத்தது. நம் உடலும் எல்எல்-37 என்ற 37 அமினோ அமிலப் பெப்டைட்டைச் சுரக்கிறது.

இவற்றில் பெரும்பாலானவை நேரேற்றம் கொண்டவை. பற்றீரியாவின் மென்சவ்வுப் பரப்பு மறையேற்றம் கொண்டது. நம் கலங்களின் வெளிப்பரப்பு பெரும்பாலும் நடுநிலையானது, கூடவே கொலஸ்ரரோலால் இறுகியது. அதனால் பெப்டைட்டு பற்றீரியாவைத் தேடி ஒட்டுகிறது, தன் கொழுப்பு விரும்பும் பக்கத்தை மென்சவ்வுக்குள் செருகுகிறது, அதைக் கிழிக்கிறது. ஒரேயொரு நொதியத்தைத் தாக்கும் மருந்தைவிட இதற்கு எதிர்ப்பு உருவாவது கடினம்.

கடினம்தான், நடக்காதது அல்ல. மகைனினிலிருந்து உருவாக்கப்பட்ட பெக்சிகனனுக்கு எதிர்ப்புத் தோன்றுமா என்ற கேள்வி எழுந்தபோது, சஸ்லாஃப் தாமே மற்ற ஆய்வாளர்களுடன் சேர்ந்து சோதித்தார். 600, 700 தலைமுறை வளர்த்ததும், 24 பற்றீரியா வரிசைகளில் 22 எதிர்ப்பைப் பெற்றுவிட்டன. முடிவு 2006இல் வெளிவந்தது. பெப்டைட்டு வகையைச் சேர்ந்த கொலிஸ்டின் மருந்துக்கு எதிர்ப்பைத் தரும் எம்சிஆர்-1 மரபணு, பற்றீரியாவிலிருந்து பற்றீரியாவுக்குத் தாவக்கூடியது என்று 2015இல் சீனாவிலிருந்து செய்தி வந்தது. பெக்சிகனனோ, ஏற்கெனவே இருந்த மருந்தைவிட மேலானது என்று காட்ட முடியாததால் 1999இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அனுமதியைப் பெறவில்லை. இந்தத் துறையில் கால் வைப்பவர்கள் இதையெல்லாம் தெரிந்துகொண்டே வைக்க வேண்டும்.

எவ்வளவு வேண்டும்?

வழியைத் தேர்வதற்கு முன் அளவைக் கணக்கிட வேண்டும். எங்கள் விவாதங்களில் பலரும் தாண்டிப் போன இடம் இதுதான்.

ஒரு பெப்டைட்டு பற்றீரியாவை எந்தச் செறிவில் நிறுத்துகிறது என்பதை 96 குழித் தட்டில் பார்க்கிறோம். ஒரு மில்லிலீற்றருக்கு 128 மைக்ரோகிராமில் தொடங்கி, அடுத்தடுத்த குழிகளில் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு போகிறோம். குழிக்கு 100 மைக்ரோலீற்றர் என்றால் ஒரு வரிசைக்குச் செலவாவது ஏறத்தாழ 25 மைக்ரோகிராம். மூன்று தடவை திருப்பிச் செய்தாலும் 75 மைக்ரோகிராம். ஆகவே 5 மில்லிகிராம் உள்ள சின்னஞ்சிறு குப்பி ஒன்று, சிந்தியது சிதறியது போக, முப்பது பற்றீரியா வகைகளுக்குப் போதும்.

முதலாம் ஆண்டுக்குக் கிராம் கணக்கில் பெப்டைட்டு தேவையில்லை. கிராம் கணக்கில் தேவைப்படும் நாள் வந்தால் அது பெரிய மகிழ்ச்சி. ஆனால் அன்று எங்களிடம் வேறு ஆட்களும் வேறு பணமும் இருக்கும்.

வாங்கும் வழி

இணையத்தில் வரிசையை எழுதி அனுப்பினால் சில வாரங்களில் வெண்தூளாக வந்து சேரும். விலை அமினோ அமில எண்ணிக்கையையும் தூய்மையையும் பொறுத்தது. தூய்மைப்படுத்தாத தூளை வாங்கிச் செலவைக் குறைக்கலாம் என்று தோன்றும், வேண்டாம். அதில் ஓர் அமினோ அமிலம் விடுபட்ட குறைப் பெப்டைட்டுகளும், தயாரிப்பில் பயன்படுத்திய இரசாயனங்களின் மிச்சமும் இருக்கும். அந்த மிச்சமே பற்றீரியாவைக் கொன்றுவிட்டால், பெப்டைட்டு கொன்றது என்று நாம் எழுதிவிடுவோம். 95 சதவீதத் தூய்மைக்குக் கீழே போகக் கூடாது.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. குப்பியில் 5 மில்லிகிராம் என்று எழுதியிருந்தாலும் உள்ளே 5 மில்லிகிராம் பெப்டைட்டு இருப்பதில்லை. தயாரிப்பின் இறுதியில் முப்புளோரோ அசற்றிக் அமிலம் ஒவ்வொரு நேரேற்றத்தோடும் ஒட்டிக்கொள்கிறது. பிபி100 என்ற 11 அமினோ அமிலப் பெப்டைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூலக்கூற்று நிறை ஏறத்தாழ 1421. லைசின் என்ற நேரேற்ற அமினோ அமிலம் ஐந்தும் சங்கிலியின் தலைப்பும் சேர்ந்து ஆறு நேரேற்றங்கள். ஒட்டும் அமில மூலக்கூறு ஒவ்வொன்றும் 114. ஆறும் சேர்ந்து 684. தூளின் நிறையில் மூன்றில் ஒரு பங்கு பெப்டைட்டே அல்ல! ஈரப்பதம் வேறு இருக்கிறது. இதைக் கழிக்காமல் கரைசல் தயாரித்தால் எங்கள் எண்கள் எல்லாமே பிழையாகிவிடும். அதனால் வாங்கும்போதே உண்மையான பெப்டைட்டு அளவைக் கேட்டு வாங்க வேண்டும். முடிந்தால் அந்த அமிலத்தை அசற்றேற்றாகவோ குளோரைட்டாகவோ மாற்றித் தரச் சொல்ல வேண்டும்.

இங்குள்ள நடைமுறைச் சிக்கல் சுங்கமும் குளிரும். உறைந்து உலர்ந்த தூள் சில நாள் வெளியில் கிடந்தாலும் பெரும்பாலும் கெட்டுப்போகாது. நீண்ட காலத்துக்கு மைனஸ் 20 பாகையில் இருக்க வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்ததும் மூடியைத் திறக்கக் கூடாது. வாடைக்காற்று வீசும் மார்கழியில் குளிர்ந்த குப்பியைத் திறந்தால் காற்றின் ஈரம் முழுவதும் தூளில் இறங்கிவிடும். அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியபடியே வைத்திருந்து, பிறகு சிறு சிறு பங்காகப் பிரித்து மீண்டும் உறைய வைக்க வேண்டும்.

ஒரு மாணவி என்னிடம் கேட்டாள்: "சேர், எல்லாவற்றையும் வாங்கினால் நாங்கள் எதைக் கற்றுக்கொள்வது?" நியாயமான கேள்வி. வாங்குவது தொடக்கத்துக்கு மட்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

நாமே கோக்கும் வழி

அமினோ அமிலங்களைக் கரைசலில் ஒவ்வொன்றாக இணைத்து, ஒவ்வொரு படியிலும் பிரித்துத் தூய்மையாக்கி, மறுபடி இணைத்து என்று ஆண்டுக்கணக்கில் பாடுபட்ட காலம் ஒன்று இருந்தது. 1963இல் அமெரிக்காவின் புரூஸ் மெரிஃபீல்ட் அதை மாற்றினார். பூமாலை கட்டுபவர் நாரின் ஒரு நுனியைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு கட்டுவதுபோல, முதல் அமினோ அமிலத்தைக் கரையாத ரெசின் மணியில் மாட்டிக்கொண்டு, மற்றவற்றை வரிசையாகக் கோத்தார். மிஞ்சியதைக் கழுவி ஊற்றிவிடலாம். சங்கிலி மணியோடு நிற்கும். முடிந்ததும் அமிலத்தால் வெட்டி எடுத்தால் போதும். 1984இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று பரவலாகப் பயன்படும் எஃப்மொக் முறை, லூயி கார்ப்பினோ 1970களின் தொடக்கத்தில் தந்த பாதுகாப்புக் கூட்டத்தில், அதாவது அமினோ அமிலம் வேண்டாத நேரத்தில் இணையாதபடி அதன் முனையைத் தற்காலிகமாக மூடிவைக்கும் அணுத்தொகுதியில், நிற்கிறது.

இதற்கு விலையுயர்ந்த இயந்திரம் கட்டாயமில்லை. அடியில் வடிதட்டு வைத்த பிளாஸ்ரிக் சிரிஞ்சு போதும். மணிகளை உள்ளே போட்டு, கரைசலை உறிஞ்சி, குலுக்கி, வெளியே தள்ளலாம். ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் பாதுகாப்பை நீக்குதல், கழுவுதல், இணைத்தல், மறுபடி கழுவுதல் என்று ஒன்றரை மணி நேரம் போகும். 11 அமினோ அமிலங்கள் என்றால் நிதானமாகச் செய்து இரண்டு, மூன்று நாளில் முடிக்கலாம்.

இணைப்பு நடந்ததா என்று பார்க்கும் சோதனைதான் மாணவர்களை இந்த வேலையோடு கட்டிப்போடப் போவது. நாலைந்து மணிகளைச் சிறு கண்ணாடிக் குழாயில் போட்டு, நின்ஹைட்ரின் கரைசலைச் சில துளி விட்டு, கொதிநிலை வெப்பத்தில் ஐந்து நிமிடம் வைக்க வேண்டும். மணிகள் மஞ்சளாகவே நின்றால் இணைப்பு முடிந்துவிட்டது. கருநீலம் ஏறினால் இன்னும் இணையாத முனைகள் மிச்சம் இருக்கின்றன. மறுபடி இணைக்க வேண்டும். சங்கிலியின் தலைப்பில் புரோலின் இருந்தால் மட்டும் இந்த நீலத்தை நம்பக் கூடாது.

ஏன் இத்தனை கவனம்? ஒவ்வோர் இணைப்பும் 99 சதவீதம் நிறைவேறினால், 11 படிகளுக்குப் பிறகு 90 சதவீதச் சங்கிலிகள் முழுமையாக இருக்கும். 95 சதவீதமே நிறைவேறினால் 57 சதவீதம்தான். எல்எல்-37 போன்ற நீண்டதில் 36 இணைப்புகள்: 99 சதவீதத்துக்கு 70 கிடைக்கும், 95 சதவீதத்துக்கு வெறும் 16. தேர்ச்சி பெற்ற தொழிற்சாலைகள் இதையும் வென்றிருக்கின்றன. எச்.ஐ.வி.க்கான 36 அமினோ அமில மருந்தான என்ஃபுவிர்டைடை இரசாயன முறையில் 106 படிகளில் பெருமளவில் செய்தார்கள். நாங்கள் தொடங்க வேண்டியது குட்டையானதில். பசுப்பாலின் லக்டோஃபெரிசினிலிருந்து எடுத்த ஆறு அமினோ அமிலத் துண்டு ஒன்று நல்ல கைப்பழக்கம் தரும். அதன் பிறகு பிபி100. இதில் சிஸ்டீன் இல்லை, மெதியோனின் இல்லை, திரிப்டோஃபான் இல்லை. ஒட்சியேற்றத் தொல்லை குறைவு. ஒரு மில்லிமோலில் பத்தில் ஒரு பங்கு அளவில் செய்தாலே, எல்லாம் சரியாக அமைந்தால், 142 மில்லிகிராம் வரை கிடைக்கும். கைதவறி இழப்பதைக் கழித்தாலும் வாங்கும் குப்பியைப்போலப் பல மடங்கு.

திருகோணமலைக்கென்று சில எச்சரிக்கைகள் உண்டு. பாடப்புத்தகங்களில் இவை இருக்காது. அமிலத்தில் வெட்டிய பெப்டைட்டை வீழ்படிவாக்க, குளிர்ந்த டைஎதைல் ஈதரில் ஊற்றச் சொல்வார்கள். அந்த ஈதரின் கொதிநிலை 34.6 பாகை செல்சியஸ். கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் இங்கே நண்பகல் வெப்பம் அந்த எண்ணைத் தொடுகிறது. மின்சாரம் நின்று குளிரூட்டியும் நின்றால், மேசை மேலேயே ஈதர் கொதித்து ஆவியாகும். அந்த ஆவி மிக எளிதில் தீப்பற்றும். பதிலாக 55 பாகையில் கொதிக்கும் மெதைல் டேர்ட்-பியூட்டைல் ஈதரைப் பயன்படுத்த வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அடுத்தது டிஎம்எஃப் எனப்படும் டைமெதைல்போமமைட்டு. இணைப்புக்கும் கழுவலுக்கும் லீற்றர் கணக்கில் செலவாகும் கரைப்பான். வெப்பத்தில் நாள்பட்டுக் கிடந்தால் இது சிதைந்து டைமெதைலமீனை விடுவிக்கும். அது நாம் நீக்க நினைக்காத நேரத்தில் பாதுகாப்புக் கூட்டத்தை நீக்கிவிடும். சங்கிலியில் வேண்டாத அமினோ அமிலம் இரட்டிப்பாகச் சேரும். சிறு போத்தல்களாக வாங்கி, புதிதாக இருக்கும்போதே தீர்த்துவிட வேண்டும். இது கருவில் உள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடியது என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் இதன் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. எங்கள் குழுவில் இளம்பெண்கள் இருக்கிறார்கள். ஆவி உறிஞ்சும் அலமாரி ஒழுங்காக வேலை செய்யாத இடத்தில் இந்தப் போத்தலைத் திறக்கவே கூடாது. கழிவு ஒரு துளியும் வடிகாலில் போகக் கூடாது. கொட்டியாரக் குடாவில் வலை வீசிப் பிழைப்பவர்களின் தண்ணீர் அது.

பாதுகாப்பை நீக்கும் பிப்பெரிடின், ஐக்கிய நாடுகளின் 1988 போதைப்பொருள் உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. டைஎதைல் ஈதரும் அப்படியே. கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருள் என்பதால் அனுமதிக் கடிதங்களுக்காக மாதங்கள் போகலாம். அந்த அட்டவணையில் இல்லாத 4-மெதைல்பிப்பெரிடின் ஏறத்தாழ அதே வேலையைச் செய்கிறது.

இந்த வழியில் எனக்கு மிகவும் பிடித்தது தேயிலைப் பை முறை. 1985இல் ரிச்சர்ட் ஹவ்ட்டன் அறிவித்தார். ரெசின் மணிகளைச் சிறு வலைப்பைகளில் அடைத்து, ஒரே அமினோ அமிலம் சேர வேண்டிய பைகளையெல்லாம் ஒரே பாத்திரத்தில் போட்டு இணைத்துவிடுவது. பிறகு பிரித்து அவரவர் பாத்திரத்துக்கு. இப்படி 13 அமினோ அமிலங்கள் கொண்ட 248 பெப்டைட்டுகளை நான்கு வாரத்துக்குள் அவர் செய்தார். பிபி100இன் ஒவ்வோர் இடத்திலும் ஓர் அமினோ அமிலத்தை மாற்றிப் பார்க்க வேண்டும் என்றால் 11 பைகள் போதும். அதையே வாங்கினால் 11 தனித்தனிப் பெப்டைட்டுகளுக்கு விலை கொடுக்க வேண்டும். நாமே செய்வது வாங்குவதை வெல்லும் இடம் இது.

தோற்கும் இடமும் இருக்கிறது. செய்தது சரிதானா என்று அறிய கலவையைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி கருவியும் மூலக்கூறின் நிறையை அளக்கும் திணிவு நிறமாலைமானியும் வேண்டும். மாதிரிகளைப் பேராதனைக்கோ கொழும்புக்கோ அனுப்பிக் காத்திருக்க வேண்டியிருக்கும். நிறை பொருந்தாத பெப்டைட்டை ஒருபோதும் பற்றீரியாவிடம் கொண்டுபோகக் கூடாது. இந்த ஒழுக்கம் இல்லாவிட்டால் கோக்கும் வேலையே வேண்டாம்.

பற்றீரியாவைக்கொண்டு செய்விக்கும் வழி

கேட்க அழகான வழி. இன்சுலினை இப்படிச் செய்து 1982இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நாங்கள் ஏன் செய்யக் கூடாது? செய்விக்கும் பற்றீரியாவையே எங்கள் பெப்டைட்டு கொல்லும் என்பது முதல் தடை. அதனால் சுமோ போன்ற ஒரு பெரிய புரதத்தோடு ஒட்டவைத்து, வீரியத்தை அடக்கி வளர்க்க வேண்டும். பிறகு நொதியத்தால் வெட்ட வேண்டும். 20 அமினோ அமிலப் பெப்டைட்டின் நிறை 2200 அளவு. ஒட்டிய புரதம் 12,000 அளவு. நூறு மில்லிகிராம் பெற்றாலும் அதில் பெப்டைட்டு ஏறத்தாழ 15 மில்லிகிராம்தான். வெட்டும் நொதியத்துக்குக் குளிர்ச் சங்கிலி வேண்டும். சங்கிலியின் வாலில் அமைட்டு வைக்க முடியாது. பிபி100க்கு அது தேவை. புரதப்பிரிப்பு நொதியங்களிடமிருந்து தப்ப இயற்கை வடிவத்தின் கண்ணாடி விம்பமான வலப்புற அமினோ அமிலங்களை வைக்கவும் முடியாது.

இன்னொன்று: ஈ.கோலையின் உடலிலிருந்து வரும் எண்டொடொக்சின் என்ற நச்சுப்பொருள் மறையேற்றம் கொண்டது. நேரேற்றப் பெப்டைட்டோடு இறுகப் பற்றிக்கொள்ளும். புண்ணில் தடவ நினைக்கும் பொருளில் அது இருக்கவே கூடாது.

டிஃபென்சின் போல, மூன்று டைசல்பைட்டுப் பாலங்கள் (கந்தக இணைப்புகள்) கொண்ட நீண்ட பெப்டைட்டே வேண்டும் என்றால் இந்த வழிக்கு மதிப்பு உண்டு. பூஞ்சையில் 2005இல் கண்ட பிளெக்டசினை இன்னொரு பூஞ்சையில் வளர்த்துப் பெருமளவில் எடுத்திருக்கிறார்கள். ஆனால் குட்டையான, பாலமில்லாத பெப்டைட்டுகளுக்காக இத்தனை ஏற்பாடு வீண். மைனஸ் 80 பாகைப் பெட்டியை மின்வெட்டில் காப்பாற்றும் ஜெனரேற்றர் வரும்வரை இதைத் தள்ளி வைப்பதே என் கருத்து.

இயற்கையிலிருந்து எடுக்கும் வழி

இந்த வழியைப் பற்றிப் பேசும்போது குழுவில் எல்லோர் முகமும் மலரும். கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் எருமைத் தயிர் மண்சட்டியில் உறைகிறது. அதிலுள்ள லக்டிக் அமில பற்றீரியாக்கள் போட்டிப் பற்றீரியாக்களை ஒழிக்கச் சிறு பெப்டைட்டுகளைச் சுரக்கக்கூடியவை. இந்த வகையில் புகழ்பெற்றது நிசின்: 1928இலிருந்து அறியப்பட்டது, 34 அமினோ அமிலங்கள், உணவைப் பாதுகாக்கப் பல நாடுகளில் அனுமதிக்கப்பட்டது. ஆனால் நிசின், வெளிமென்சவ்வு இல்லாத கிராம் நேர் வகைப் பற்றீரியாக்களைத்தான் அடக்கும். அசினெற்றோபக்டர் போன்ற கிராம் மறை பற்றீரியாக்களின் வெளிமென்சவ்வு அதைத் தடுத்துவிடும். தயிரைத் தேடிப் போவது நல்ல மாணவர் ஆய்வு. உணவைப் பாதுகாக்கும் கேள்விக்கு அது விடை தரலாம். வைத்தியசாலைப் புண்ணுக்கு விடை தரும் என்று எதிர்பார்த்துப் போகக் கூடாது.

சித்த மருத்துவ நண்பர்கள் காக்கணங்கொடியை எடுத்துக் காட்டுகிறார்கள். அவர்கள் சொல்வதில் வலு இருக்கிறது. நீலப்பூப் பூக்கும் அந்தக் கொடியில் சைக்ளோடைட்டுகள் எனும் வளையப் பெப்டைட்டுகள் இருப்பதை 2011இல் கண்டறிந்தார்கள். முப்பது அமினோ அமில அளவு, மூன்று பாலங்களால் முடிச்சுப் போட்ட உருவம், வெப்பத்துக்கும் நொதியத்துக்கும் எளிதில் சிதையாத உறுதி. இரசாயன முறையில் கோப்பது சிரமம் என்பதால் கொடியிலிருந்தே எடுப்பதுதான் இங்கே எளிய வழி. இதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஒரு நிபந்தனை: செடிச் சாற்றிலுள்ள தனின்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள் எந்தப் புரதத்தையும் இறுக்கி, பற்றீரியாவையும் அடக்கும். சாறு வேலை செய்தது என்பது பெப்டைட்டு வேலை செய்தது ஆகாது.

தவளை வேண்டாம். 1937இன் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதற்கு மேல், இலங்கையின் தவளைகளில் பல ஏற்கெனவே அழிவின் விளிம்பில். கலவாய் மீனிலிருந்து கண்ட எபினெசிடின்-1 என்ற 21 அமினோ அமிலப் பெப்டைட்டையும் ஆய்வாளர்கள் மீனிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கவில்லை. வரிசையை அறிந்த பின் இரசாயன முறையில் செய்துகொண்டார்கள். உயிரிகளிடமிருந்து வரிசையைக் கற்றுக்கொள்ளலாம். மெத்தப் பெரிய களஞ்சியம் இப்போது கணினியிலேயே இருக்கிறது: 2024இல் வெளியான ஓர் ஆய்வு, நுண்ணுயிர்களின் மரபணுத் தரவிலிருந்து 8 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெப்டைட்டுகளைக் கணித்தது, அதில் 100ஐச் செய்து பார்த்தபோது 79 வேலை செய்தன. வரிசைகளுக்கு இன்று பஞ்சம் இல்லை.

நான் சாயும் பக்கம்

முதலாம் ஆண்டில் பிபி100ஐயும், ஒப்பிட்டுப் பார்க்க, ஏற்கெனவே மருந்தாக உள்ள பொலிமிக்சின் பி-யையும் வாங்குவோம். உயிரியல் பாதுகாப்பு அச்சம் குறைந்த, நியமமான ஈ.கோலை, ஸ்டாஃபிலோகொக்கஸ் வகைகளில் தொடங்குவோம். வெளிவந்த எண்களை எங்கள் கையாலும் பெற முடிகிறதா என்று பார்ப்போம். உடல் உப்பின் அளவிலும், சீரத்தின் முன்னிலையிலும், செங்குருதிக் கலங்கள் உடைகின்றனவா என்றும் சோதிப்போம். வெறும் ஊடகத்தில் அற்புதமாகக் கொன்று, உப்பைக் கண்டதும் ஓய்ந்துபோன பெப்டைட்டுகள் ஏராளம். இந்தச் சோதனைகள் நிலைபெற்ற பிறகே நெறிமுறை அனுமதியுடன் வைத்தியசாலைப் பற்றீரியாக்களை நாட வேண்டும். இரண்டாம் ஆண்டில் தேயிலைப் பை முறையைக் கையில் எடுப்போம். காக்கணங்கொடி வேலை முதல் நாளிலிருந்தே பக்கத்தில் நடக்கட்டும்.

ஒரு பற்றீரியாவை மட்டும் நெருங்க வேண்டாம் என்பேன். வயல் மண்ணிலிருந்து தொற்றி மெலியோய்டோசிஸ் நோயைத் தரும் பேர்க்கொல்டேரியா சூடோமல்லை இலங்கையில் இருக்கிறது, விவசாயிகளைக் கொல்கிறது. அதற்கு எதிராகப் பெப்டைட்டு வேண்டும் என்ற எண்ணம் இயல்பாகவே எழும். ஆனால் அது பொலிமிக்சின்களுக்கும் பல நேரேற்றப் பெப்டைட்டுகளுக்கும் பிறவியிலேயே அடங்காதது. மூன்றாம் நிலைப் பாதுகாப்பு ஆய்வுகூடம் இல்லாமல் அதை வளர்ப்பது மாணவர்களின் உயிரோடு விளையாடுவது.

எங்கள் குழுவின் இலக்கு நீண்ட டிஃபென்சின்கள் என்று மாறினால், அல்லது பேராதனையில் ஒரு மரபணு ஆய்வுகூடம் கைகோக்க முன்வந்தால், மூன்றாவது வழியைப் பற்றி நான் எழுதியதை மறுபடி எடைபோடத் தயார். குட்டைப் பெப்டைட்டும் ஆறாத புண்ணும்தான் இலக்கு என்றால் இந்த வரிசை சரி.

கையில் வரும் முதல் பணத்தில் பொலிபுரொப்பிலீன் 96 குழித் தட்டுகளை வாங்க வேண்டும். வழக்கமான பொலிஸ்ரைரீன் தட்டின் சுவரில் நேரேற்றப் பெப்டைட்டு ஒட்டிக்கொண்டுவிடும். நல்ல பெப்டைட்டு வேலை செய்யாததுபோலக் காட்டும். பெப்டைட்டுக்கு விலைப்பட்டியல் கேட்பதற்கு முன்பே தட்டுகளுக்குக் கேட்டு எழுதும்படி குழுவில் சொல்லியிருக்கிறேன்.